எழுதியவரைக் கேட்க ஏழரை ஆண்டு

2000 ஜூலை 25. மும்பையில் கடைகள் சாத்தியிருந்தன, சந்திக்குச் சந்தி போலீஸ் நின்றது. சிவசேனா தலைவர் பால் தாக்கரே கைது செய்யப்பட்டு போயிவாடா நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்பட்டார். கத்தி எடுத்ததாகவோ கல் எறிந்ததாகவோ அவர் மீது வழக்கு இல்லை. தாம் நிறுவி, தாமே ஆசிரியராக இருந்து நடத்திய ‘சாம்னா’ நாளிதழில், 1992-93 கலவர நாட்களில் வெளிவந்த தலையங்கங்களுக்காகப் போடப்பட்ட வழக்கு அது. மாஜிஸ்திரேட் அதை எடுத்த வேகத்திலேயே முடித்துவிட்டார். இந்தக் குற்றத்துக்குச் சட்டம் விதித்த காலவரம்பு மூன்று ஆண்டு, அது எப்போதோ கடந்துவிட்டது, ஆகவே வழக்கு நிற்காது என்றார். தாக்கரே வீடு திரும்பினார். அந்தத் தலையங்கங்கள் குற்றமா இல்லையா என்ற கேள்விக்குள் அன்றைக்கு நீதிமன்றம் நுழையவே இல்லை. எழுத்து அச்சாகி ஏழரை ஆண்டுக்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான்.

மக்களிடையே பகை மூட்டும் எழுத்துக்கு ஒரு பத்திரிகை முதலாளி பதில் சொல்ல வேண்டுமா என்பதை நம் நாட்டில் முதலில் முடிவு செய்வது நீதிமன்றம் அல்ல, ஆட்சியில் இருப்பவர்கள். அவர்களோ அந்த முதலாளி எவ்வளவு பலசாலி என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பலம் இல்லாதவர் உடனே மாட்டிக்கொள்கிறார். யாரை அவசியம் கேட்க வேண்டுமோ அவரை நெருங்கக்கூட முடிவதில்லை. பத்திரிகை அறம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நிருபர்களின் ஒழுங்கையும் ஆசிரியர்களின் மனசாட்சியையும் பற்றிப் பேசுகிறார்கள். அவை தேவைதான். ஆனால் கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள மும்பையை விடப் பொருத்தமான ஊர் இல்லை. அங்குள்ள தமிழர்கள் ஒரு பத்திரிகையின் பலத்தை இரண்டு தலைமுறையாக நேரில் கண்டவர்கள்.

கதை 1960இல் தொடங்குகிறது. ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளிதழில் கேலிச்சித்திரக்காரராக இருந்து வெளியேறிய தாக்கரே, அந்த ஆண்டு ‘மார்மிக்’ என்ற மராத்தி வார இதழைத் தொடங்கினார். நகைச்சுவைப் பத்திரிகையாக வந்த அதில், சில ஆண்டுகளிலேயே மும்பை நிறுவனங்களில் வேலை பார்க்கும் அதிகாரிகளின் பெயர்கள் பட்டியல் பட்டியலாக வரத் தொடங்கின. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். ‘படியுங்கள், சும்மா இருங்கள்’ என்று முதலில் தலைப்பு. பின்னர் ‘படியுங்கள், எழுந்திருங்கள்’ என்று மாறியது. பட்டியலில் பொய் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, ரயிலேறி வந்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குமாஸ்தாவின் பெயரை, உன் வேலையைப் பறித்தவன் இவன்தான் என்று காட்ட அந்தப் பட்டியலே போதும். 1966 ஜூனில் சிவசேனா பிறந்தது. அக்டோபர் 30 அன்று சிவாஜி பார்க்கில் முதல் பெரிய பேரணி. அதைத் தொடர்ந்து தென்னிந்திய உணவு விடுதிகள் அடித்து நொறுக்கப்பட்டன. லுங்கியை விரட்டச் சொல்லும் கோஷம் தெருவுக்கு வந்தது. கட்சி பத்திரிகையைத் தொடங்குவது வழக்கம். இங்கே பத்திரிகைதான் கட்சியைப் பெற்றெடுத்தது. அன்றைய காங்கிரஸ் அரசு இதைக் கண்டும் காணாமல் இருந்தது. ஆலைப் பகுதிகளில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கங்களை ஒடுக்கச் சேனா பயன்பட்டதே காரணம் என்று அப்போதே பலரும் சொன்னார்கள். முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் பெயரைச் சேர்த்து ‘வசந்த சேனா’ என்றே விமர்சகர்கள் அழைத்தார்கள்.

அடுத்த தலைமுறையில் இலக்கு மாறியது, முறை மாறவில்லை. 1980களின் இறுதியில் தொடங்கிய ‘சாம்னா’ வார இதழ் அல்ல, தினமும் காலையில் கைக்கு வரும் நாளிதழ். 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் தாராவியில் இருநூறு முன்னூறு பேர் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்கள் வழியாகச் சென்று காலா கிலா அருகே முடிந்த அந்த ஊர்வலத்தையும், அங்கு நடந்த ஆத்திரமூட்டும் பேச்சுகளையும் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் தொழிலை வளர்த்த தமிழ் முஸ்லிம்களும், பக்கத்துச் சந்துகளில் குடியிருந்த தமிழ் இந்துக்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த பகுதி அது. டிசம்பரிலும் ஜனவரியிலுமாக மும்பை முழுவதும் நடந்த கலவரத்தில் இறந்தவர்கள் 900 பேர் என்று ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். ஜனவரி வன்முறைக்கு மக்களை வெறியேற்றியதில் ‘சாம்னா’, ‘நவாகாள்’ போன்ற நாளிதழ்களின் எழுத்துக்கும் பங்கு உண்டு என்று அந்த அறிக்கை பெயர் சொல்லியே குறிப்பிட்டது. தாக்குதல்களைத் தாக்கரே ஒரு தளபதியைப் போல நின்று நடத்தினார் என்றும் சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு பத்திரிகை முதலாளியைப் பொறுப்பாக்குவது கடினம். எழுதியவர் நிருபர், வெளியிட்டவர் ஆசிரியர், நான் பணம் போட்டவன் மட்டுமே என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். நம் சட்டமும், எதை வெளியிடுவது என்று தேர்ந்தெடுப்பவரான ஆசிரியரைத்தான் முதலில் பிடிக்கிறது. ‘சாம்னா’வில் அந்தச் சிக்கல் இல்லை. பத்திரிகையை நிறுவியவர், ஆசிரியர், கட்சித் தலைவர் எல்லாம் ஒருவரே. எழுதப்பட்டது அச்சில் இருந்தது. யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லாத வழக்கு. அதுவே நடக்கவில்லை என்றால், நிறுவனத்துக்குள் நிறுவனம் வைத்து, பங்குகளுக்குப் பின்னால் பெயரை மறைத்துக்கொள்ளும் இன்றைய முதலாளிகளை யார் கேட்கப் போகிறார்கள்?

ஏன் நடக்கவில்லை? சமூகங்களிடையே பகை மூட்டுவது அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. யார் வேண்டுமானாலும் போலீசில் புகார் கொடுக்கலாம், போலீஸ் வழக்கும் பதியலாம். ஆனால் அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த நீதிமன்றமும் அந்த வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196ஆவது பிரிவு அப்படிச் சொன்னது. அந்த அனுமதியைக் கேட்டுத்தான் மகாராஷ்டிரத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் ஜே.பி. டிசூசாவும் பத்திரிகையாளர் திலீப் தாக்கோரும் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்குத் தொடர அனுமதி தரும்படி அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மாநில நிர்வாகத்தின் உச்சியில் இருந்த ஒருவரே, அரசைத் தன் கடமையைச் செய்ய வைக்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 1994இல் மனு தள்ளுபடியானது. தலையங்கங்கள் தேச விரோத முஸ்லிம்களைத்தான் சாடுகின்றன, சமூகம் முழுவதையும் அல்ல என்று உயர் நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நீதிமன்றத்தை மதித்துக்கொண்டே ஒன்றைச் சொல்லலாம். ஊரடங்கு போட்டிருக்கும் நகரத்தில், எந்த வீட்டுக்காரர் தேச விரோதி, எவர் இல்லை என்று பார்த்து யாரும் கல் எறிவதில்லை. அந்த வரிகளைப் படித்தவர்கள் என்ன பொருள் கொண்டார்கள் என்பது சாட்சிகளை வைத்து, குறுக்கு விசாரணை செய்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். அந்த விசாரணைதான் நடக்காமலே போனது.

1995 மார்ச்சில் சிவசேனா, பாஜக கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அரசின் ரிமோட் கன்ட்ரோல் தம் கையில் இருக்கிறது என்று தாக்கரே வெளிப்படையாகவே சொன்னார். அதாவது, ஒரு பத்திரிகை ஆசிரியர் மீது வழக்குத் தொடர அனுமதிக்கும் அதிகாரம், அந்த ஆசிரியரே இயக்கும் அரசிடம் போய்ச் சேர்ந்தது. 1996 ஜனவரியில் ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் வாஜ்பாயின் தலையீட்டால் மீண்டும் உயிர் பெற்றது. 1998 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, இந்துக்களுக்கு எதிரானது என்று சொல்லி அரசு அதை ஒதுக்கியது. 1999இல் ஆட்சி மாறியது. ஒரு காலத்தில் சேனாவிலேயே இருந்த சகன் புஜ்பல் உள்துறையைக் கையில் வைத்திருந்தபோது, 2000 ஜூலையில் அனுமதி கிடைத்தது. கலவரம் நடந்தபோது ஆண்ட காங்கிரஸ் அப்போது கொடுக்காத அனுமதி அது. நியாயம் அதே நியாயம்தான், சாட்சியம் அதே அச்சடித்த காகிதம்தான். மாறியது அரசியல் கணக்கு மட்டும்.

இதே தாக்கரே விஷயத்தில் சட்டம் ஒருமுறை வேலை செய்தது. 1987இல் நடந்த விலே பார்லே இடைத்தேர்தலில் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டதற்காக, ரமேஷ் பிரபுவின் வெற்றி செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவருக்காக அங்கு பிரசாரம் செய்த தாக்கரேவும் அதே முறைகேட்டுக்குப் பொறுப்பானார், அந்தத் தேதியிலிருந்து ஆறு ஆண்டு அவருக்கு வாக்குரிமை இல்லை என்று ஆணை வந்தது. மனிதர் அதே மனிதர், காலமும் ஏறக்குறைய அதே காலம். பேச்சு தண்டிக்கப்பட்டது, எழுத்து தப்பித்தது. காரணம் எளிது. தேர்தல் வழக்கைத் தோற்ற வேட்பாளரோ ஒரு வாக்காளரோ நேராக உயர் நீதிமன்றத்தில் தொடுக்கலாம். மந்திரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தக் கையெழுத்து தேவைப்படாத இடத்தில் பலசாலியும் பதில் சொல்ல வேண்டிவந்தது.

அரசின் முன் அனுமதி என்பதே பத்திரிகையாளர்களுக்கான பாதுகாப்புதான், அதை எடுத்தால் ஒவ்வொரு எழுத்தாளர் மீதும் ஆளுக்கொரு ஊரில் வழக்குப் போடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இதை லேசாக ஒதுக்க முடியாது. மனம் புண்பட்டது என்று சொல்லி எழுத்தாளர்களை நீதிமன்றங்களுக்கு அலைக்கழிப்பது நாம் கண்டதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருக்குக் கிடைத்திருக்கிறது? 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு இல்லை, வாதம் இல்லை, நேராகச் சிறை. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு சில நாட்களில் விடுவித்தார்கள். அந்தச் சிறைவாசம் தவறு என்று பின்னாளில் உயர் நீதிமன்றம் சொல்லி, அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் செய்தது. மந்திரிகளைக் கேலி செய்த துணுக்குக்கு நாள் கணக்கில் தண்டனை, 900 பேர் இறந்த கலவரத்தில் பங்குண்டு என்று ஆணையமே சொன்ன எழுத்துக்கு ஏழரை ஆண்டு கழித்துத் தள்ளுபடி. சட்டங்கள் வேறுதான். ஆனால் இரண்டிலும் முடிவெடுத்தது ஆள்வோரின் விருப்பமே. அந்த விருப்பத்தைப் பாதுகாப்பு என்று நம்புவது எளியவர்களுக்கு ஒருநாளும் பலன் தந்ததில்லை.

தப்பாக எழுதினால் வாசகர் வாங்க மாட்டார், அதுவே தண்டனை, அரசும் நீதிமன்றமும் எதற்கு என்று இன்னொரு வாதம். பொய் விலைப்பட்டியல் போட்ட பத்திரிகைக்கு இது பொருந்தலாம். பகை மூட்டும் எழுத்துக்குப் பொருந்தாது. ‘மார்மிக்’கில் பெயர் வந்த மாட்டுங்காக்காரர் அதன் சந்தாதாரர் அல்ல. வீடு எரிந்த தாராவிக்காரர் ‘சாம்னா’வை வாங்கியவர் அல்ல, நிறுத்துவதற்கு. வாங்கிப் படிப்பவர் ஒருவர், அடிபடுபவர் வேறொருவர் என்று இருக்கும் வியாபாரத்தைச் சந்தை எப்படித் திருத்தும்? படிப்பவருக்கு ஆத்திரம் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு விற்பனைதான் கூடும்.

மூன்றாவது வாதம்தான் மிகக் கனமானது. முதலாளிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டால் அரசு அதையே சாக்காக வைத்துப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் என்பது. நெருக்கடி நிலையை நினைவில் வைத்திருக்கும் யாரும் இந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் தீர்வு அரசின் கையைப் பலப்படுத்துவதில் இல்லை, அரசின் கையிலிருந்து முடிவை விடுவிப்பதில் இருக்கிறது. அதற்கென்று நம்மிடம் இருப்பது பிரஸ் கவுன்சில். 28 உறுப்பினர்களில் ஆறு பேர் பத்திரிகை உரிமையாளர்கள். எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் அபராதம் விதிக்கக்கூட அதிகாரம் இல்லை. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. பிரிட்டனில் 2011இல், கொலையுண்ட ஒரு சிறுமியின் கைப்பேசிச் செய்திகளைக்கூட ஒட்டுக்கேட்டது அம்பலமானபோது, ரூபர்ட் மர்டாக் தம் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ பத்திரிகையை இழுத்து மூடினார். நாடாளுமன்றக் குழுவின் முன்னும், அடுத்த ஆண்டு நீதிபதி லெவிசன் விசாரணையில் சத்தியப் பிரமாணம் செய்தும் பதில் சொன்னார். பிரதமர்களோடு அவருக்கு இருந்த உறவுகள் பற்றியெல்லாம் பகிரங்கமாகக் கேட்டார்கள். பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் சிறை சென்றார், மர்டாக் மீது வழக்கு இல்லை. விசாரணையின் இரண்டாம் பகுதியை 2018இல் அரசு கைவிட்டது. முழு நியாயம் அங்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஊடக முதலாளி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னதால் பிரிட்டனில் பத்திரிகைச் சுதந்திரம் செத்துவிடவில்லை.

ருவாண்டாவில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1994 இனப்படுகொலையின்போது கொலைக்குத் தூண்டிய வானொலியின் நிறுவனர்களில் ஒருவரான ஃபெர்டினாண்ட் நஹிமானாவை ஐ.நா. தீர்ப்பாயம் தண்டித்தது. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீங்கின. ஆனாலும், தம் அதிகாரத்தின் கீழ் இருந்த ஒலிபரப்பைத் தடுக்கக் கடமை இருந்தும் அவர் தடுக்கவில்லை என்பதற்காக 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மும்பையையும் ருவாண்டாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்தத் தீர்ப்பு சொன்ன கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மைக்கின் முன் பேசியவர் வேறு யாராக இருந்தாலும், நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் நிறுத்தாவிட்டால் அவரும் பொறுப்பு.

தாக்கரே 2012இல் காலமாகிவிட்டார், பழைய கதையை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்கலாம். தாராவிக்காரர்களுக்கு இது பழைய கதை அல்ல. 2022 நவம்பர் 29 அன்று தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்டு அதானி குழுமம் முதலிடம் பெற்றது. அதே நாளில்தான் என்டிடிவியின் நிறுவனர்களான பிரணாய் ராயும் ராதிகா ராயும், அதன் பங்குகளை வைத்திருந்த நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். ஆண்டு முடிவதற்குள் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. எந்தத் தவறும் நடந்ததாகவும் சொல்லவில்லை. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியேறியவர் யார், பரணில் வாழ்பவர் யார், 350 சதுர அடி வீடு தாராவிக்குள்ளேயே யாருக்கு, வேறெங்கோ போக வேண்டியவர் யார் என்று லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையை முடிவு செய்யும் திட்டத்தில் 80 சதவீதம் வைத்திருக்கும் குழுமமும், அதைப் பற்றிச் செய்தி சொல்லும் ஒரு பெரிய தொலைக்காட்சியை வைத்திருக்கும் குழுமமும் ஒன்றே. அந்தச் செய்தியைப் பார்ப்பவருக்கு இது ஒவ்வொரு முறையும் சொல்லப்பட வேண்டாமா? தமிழ்நாட்டிலும் அரசியல் குடும்பங்களோடும் கட்சிகளோடும் சேர்த்தே அறியப்படும் அலைவரிசைகளோடு 1990களிலிருந்து வாழ்கிறோம். அரசியல் அமைப்புகள் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, பெருநிறுவனங்கள் ஊடகத்தில் நுழைவதற்கும் வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. அதை எந்தக் கட்சியும் பெரிதாகக் கேட்கவும் இல்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாளில் அரசு முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று 218ஆவது பிரிவு சொல்கிறது. பகை மூட்டும் குற்றத்துக்கான அனுமதியைப் பேசும் 217ஆவது பிரிவில் அப்படியொரு கெடு இல்லை. அந்தக் கெடுவை அங்கும் சேர்க்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எளியவர்களை அலைக்கழிப்பதைத் தடுக்க, அந்த மறுப்பையோ அனுமதியையோ மாவட்ட நீதிபதி ஒருவர் பரிசீலிக்கும் வழி இருக்கட்டும். ஒவ்வொரு நாளிதழும் அலைவரிசையும் தன்னை உண்மையில் கட்டுப்படுத்துபவர் யார், அவருக்கு வேறு என்னென்ன தொழில், எந்தக் கட்சியில் என்ன பொறுப்பு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிரஸ் கவுன்சில் தொலைக்காட்சியையும் சேர்த்து விசாரிக்கவும், முதலாளியை நேரில் அழைக்கவும், தவறு செய்த பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே தன் முடிவை வெளியிட வைக்கவும் அதிகாரம் பெற வேண்டும். இவற்றில் எதுவும் ஒரு வரியை எழுதவிடாமல் தடுக்காது. எழுதிய பின் பதில் சொல்ல மட்டுமே வைக்கும்.

உங்கள் தொகுதியில் வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த 120 நாள் கெடுவைப் பற்றிக் கேளுங்கள். எழுதியது குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போகாமலே தடுக்கும் உரிமை எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது.